கரடிக்கும் கள்வனுக்கும் ஒரே துப்பாக்கியா?

அமெரிக்காவில் மலைப்பாதை நடைக்குப் போகிறவர்கள் துப்பாக்கிக் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "காட்டில் கரடி வந்தாலும் உதவ வேண்டும், கார் நிறுத்துமிடத்தில் எவனாவது கத்தியோடு வந்தாலும் உதவ வேண்டும், இடுப்பில் கனக்கவும் கூடாது. எதை வாங்கலாம்?" கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு மூன்றை எடுத்து வைப்பார். எல்லாமே கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் ஒன்றோடொன்று இழுபறி செய்யும் மூன்று தேவைகள் இருக்கின்றன. அந்த இழுபறி புரியாமல் வாங்கினால், தேவைப்படும் நேரத்தில் உதவாத ஒன்றைத்தான் வருடக்கணக்கில் சுமந்துகொண்டிருப்போம்.

இங்கே பேசப்போவது முழுக்க அமெரிக்க நிலவரம். அங்கே 2010 பிப்ரவரி 22 முதல், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் துப்பாக்கி வைத்திருக்கலாம். அதன் பிறகுதான் யெல்லோஸ்டோன் போன்ற இடங்களுக்குக் கைத்துப்பாக்கியோடு போவது பரவலாகப் பேசப்பட்டது. வைத்திருக்கத்தான் அனுமதி. பூங்காவுக்குள் சுடுவது இன்றும் பொதுவாகத் தடைதான். பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் துப்பாக்கியோடு நுழையவே கூடாது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துவைத்துக்கொள்வோம். தோட்டா என்பது வெடிமருந்து, பித்தளைக் கூடு, முன்னால் பொருத்திய குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது குழல் வழியாகப் பறந்துபோகும் பகுதி மட்டும். ஒரே அளவுத் தோட்டாவில் பல வகைக் குண்டுகள் கிடைக்கும். துப்பாக்கியைத் தேர்வு செய்வதில் பாதி வேலை குண்டைத் தேர்வு செய்வதுதான். புதியவர்கள் பலர் அந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

கைத்துப்பாக்கி எவ்வளவு பலவீனமானது

சினிமாவில் ஒரு குண்டு பட்டதும் ஆள் நான்கடி பின்னால் பறப்பான். உண்மையில் அப்படி எதுவும் நடக்காது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ஓர் ஆளைத் தள்ளிவிடும் வலுவே கிடையாது. அது செய்வது, வழியில் இருப்பதைத் துளைத்துக்கொண்டு போவது மட்டும்தான்.

எண்களைப் பார்த்தால் தெளிவாகிவிடும் (.22, 9 மி.மீ. போன்றவை தோட்டா அளவுகளின் பெயர்கள்). சின்ன .22 தோட்டா கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பும்போது அதன் ஆற்றல் 130 ஜூல் அளவில் இருக்கும். .380 தோட்டாவுக்குச் சுமார் 270, வெடிமருந்து நன்கு ஏற்றிய .38 ஸ்பெஷலுக்கு 300 சொச்சம், 9 மி.மீ. தோட்டாவுக்கு 500 அளவில். .357 மேக்னம் 700-ஐத் தாண்டும், 10 மி.மீ. ஆட்டோ 800-ஐத் தாண்டும், .44 மேக்னம் 1,200-க்கு மேல் போகும். இப்போது மான் வேட்டைக்காரர்களின் சாதாரண .30-06 ரைஃபிளைப் பாருங்கள்: கிட்டத்தட்ட 3,800 ஜூல். ஆகப் பெரிய கைத்துப்பாக்கி என்று ஊரே பேசும் .44 மேக்னம்கூட ஒரு நடுத்தர ரைஃபிளில் மூன்றில் ஒரு பங்குதான். கைத்துப்பாக்கியின் ஒரே மேன்மை, அது எப்போதும் உடம்போடு இருக்கும் என்பது. தூண்டிலோடு ஆற்றில் நிற்பவர் ரைஃபிளைக் கரையில் சாத்தி வைத்திருப்பார். இடுப்பில் இருப்பது இடுப்பிலேயே இருக்கும்.

தாக்க வரும் உயிரை ஒரு குண்டு எப்படி நிறுத்துகிறது? மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டால் அந்த நொடியே விழும். இதயத்திலோ பெரிய ரத்தக்குழாயிலோ பட்டால் ரத்தம் இழந்து, சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை கழித்து விழும். அந்தச் சில நொடிகளில் அது தொடர்ந்து தாக்கிக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது வழி ஒன்று உண்டு: வலித்தோ பயந்தோ தானாகப் பின்வாங்குவது.

மனிதனும் விலங்கும் பிரியும் இடம் இந்த மூன்றாவது வழிதான். மனிதனுக்குத் துப்பாக்கி என்றால் என்னவென்று தெரியும். வழிப்பறிக்காரர்களில் பலர் அதைப் பார்த்ததுமே ஓடிவிடுகிறார்கள். சுடப்பட்டவர்களில் பலர், "சுட்டுவிட்டார்கள்" என்ற எண்ணத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் சின்னத் தோட்டாகூட மனிதனிடம் பல நேரம் வேலை செய்துவிடுகிறது. குட்டியோடு இருக்கும் தாய்க் கரடிக்கு உங்கள் கையில் இருப்பது கறுப்பான ஏதோ ஒரு பொருள். அதைக் காட்டி மிரட்ட முடியாது. சத்தத்துக்கு அது திரும்பிப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

குண்டு விரிய வேண்டுமா, ஆழமாகப் போக வேண்டுமா

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். கொள்ளையர்களில் ஒருவன் உடலுக்குள் ஆரம்பத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு பாய்ந்திருந்தது. ஆனால் அது இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எஃப்.பி.ஐ. குண்டுகளைச் சோதிக்கும் முறையையே மாற்றியது. மனிதத் தசையைப் போன்ற அடர்த்தியுள்ள ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து, குறைந்தது 12 அங்குலம், அதிகம் போனால் 18 அங்குலம், அதாவது சுமார் 30 முதல் 45 செ.மீ. வரை போக வேண்டும் என்று வகுத்தார்கள்.

குறைந்த அளவு ஏன் என்பது புரிகிறது. அதிக அளவு எதற்கு? தாக்க வந்தவனைத் துளைத்துப் பின்பக்கம் வெளியேறும் குண்டு, அவனுக்குப் பின்னால் நிற்கும் யாரோ ஒருவர் மீது படும். ஊருக்குள் இது பெரிய கவலை. அதனால் மனிதத் தாக்குதலுக்கு எதிராகப் பயன்படுத்துவது ஹாலோ பாயிண்ட் குண்டு. அதன் முனையில் குழி இருக்கும். உடலுக்குள் நுழைந்ததும் முனை மலர்ந்து, அகலமான காயத்தை உண்டாக்கி, வேகம் குறைந்து உள்ளேயே நின்றுவிடும்.

கரடிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். தடித்த ரோமம், அதற்குக் கீழே கொழுப்பு, பிறகு இறுகிய தோள் தசை, கனமான எலும்பு. நேராகப் பாய்ந்து வரும்போது நெஞ்சுக்கு முன்னால் தலையும் கால்களும் மறைத்துக்கொண்டிருக்கும். நெற்றி எலும்போ சரிவானது. விரிந்து நின்றுவிடும் குண்டு இங்கே தசையோடு நின்றுபோகும். தேவைப்படுவது, ஈயத்தோடு ஆண்டிமனியும் தகரமும் கலந்து கடினமாக வார்த்த, தட்டையான முனையுள்ள, கனமான குண்டு. ஹார்ட் காஸ்ட் என்பார்கள். அது விரியாது, உருக்குலையாது, எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதே குண்டை ஊருக்குள் சுட்டால் ஆளையும் தாண்டி, சுவரையும் தாண்டிப் போகும்.

ஆக, ஒரே துப்பாக்கி இரண்டு இடத்துக்கும் போகலாம். ஒரே குண்டு போகக் கூடாது. காட்டுக்குப் போகும்போது ஒரு வகை, திரும்பியதும் வேறு வகை என்று மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதைச் சரியாகத்தான் செய்கிறார்கள். ஒரு சிறு எச்சரிக்கை: மேலுறை இல்லாத ஈயக் குண்டுகளைச் சில பிஸ்டல் தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். க்ளாக் அப்படிச் சொல்லும் நிறுவனங்களில் ஒன்று. கையேட்டைப் படித்து, வாங்கிய குண்டை அந்தத் துப்பாக்கியில் போதுமான அளவு சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்பி எடுத்துப்போக வேண்டும்.

உங்கள் காட்டில் என்ன வாழ்கிறது

கலிஃபோர்னியாக் கொடியில் கிரிஸ்லிக் கரடி இருக்கிறது. அந்த மாநிலத்தின் காடுகளில் 1920களுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பழுப்புக் கரடி, அதாவது கிரிஸ்லி, இன்று அமெரிக்காவில் வாழ்வது அலாஸ்காவிலும், அதை விட்டால் மொன்டானா, வயோமிங், ஐடஹோ ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளிலும், வாஷிங்டனின் வடகிழக்கு மூலையில் சிலவும்தான். கறுப்புக் கரடி அப்படியில்லை. சுமார் 40 மாநிலங்களில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறுவதும் அதுதான். அது பெரும்பாலும் கத்தினால், கைகளை உயர்த்தி நம்மைப் பெரிதாகக் காட்டினால் போய்விடும்.

டெக்ஸாஸிலோ ஜார்ஜியாவிலோ இருப்பவர் .44 மேக்னம் வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அங்கே அவர் பெரும்பாலும் சந்திக்கக்கூடியவை தெருநாய், ஓநாயைப் போன்ற கயோட்டி, காட்டுப்பன்றி, கிலுகிலுப்பைப் பாம்பு. இவற்றுக்கு 9 மி.மீ. அல்லது .38 தாராளமாகப் போதும். பாம்புக்கு அதுவும் தேவையில்லை. பாம்பு நம்மைத் துரத்திக்கொண்டு வராது. இரண்டு அடி பின்னால் வைத்தால் விஷயம் முடிந்தது. பாம்புக்கென்றே பொடிக் குண்டுகள் நிரப்பிய தோட்டா விற்கிறார்கள். இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் அதற்குப் பலன் இல்லை. அவ்வளவு அருகில் போய் அடிக்க முயன்று கடிபடுவதுதான் பலருக்கு நடக்கிறது.

மலைச்சிங்கம், அதாவது பூமா, தாக்குவது மிக மிக அரிது. மலைச்சிங்கம் எடை குறைந்த விலங்கு, திருப்பித் தாக்கினால் பின்வாங்கும் இயல்புடையது. மூஸ் என்னும் பெரிய மான் வேறு கதை. அலாஸ்காவில் கரடியைவிட மூஸால் காயப்படுகிறவர்கள் அதிகம். அதற்குச் சிறந்த தற்காப்பு ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் ஓடி நிற்பது.

பழுப்புக் கரடி வாழும் நாட்டுக்குள் போகிறவர்களுக்கு மட்டும்தான் பெரிய தோட்டா பற்றிய பேச்சு பொருந்தும். அலாஸ்காவின் கடலோரத்தில் ஓர் ஆண் கரடி 400 கிலோவைத் தாண்டும். அங்கே 10 மி.மீ. அல்லது .44 மேக்னம் என்பதுதான் பெரும்பாலான வழிகாட்டிகளின் கைத்துப்பாக்கி அளவு. 2016-இல் அங்கே ஒரு மீன்பிடி வழிகாட்டி, தாக்க வந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. பிஸ்டலால், கடினமாக வார்த்த குண்டுகளைப் பயன்படுத்தி, கொன்றது பரவலாகப் பேசப்பட்டது. அதைக் காட்டி "9 மி.மீ. போதும்" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த மனிதர் பல பத்தாண்டுகள் கரடிகளுக்கு நடுவே வேலை பார்த்தவர், எங்கே சுட வேண்டும் என்று அறிந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரிவால்வரா, பிஸ்டலா

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். விசையை (டிரிக்கர்) இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும். பிஸ்டலில் கைப்பிடிக்குள், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் ஒரு மேகசின். ஒரு முறை சுட்டதும் மேலே உள்ள ஸ்லைட் பின்னால் ஓடி, வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும்.

சின்ன ரிவால்வர் என்றால் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஜே என்ற சிறிய சட்டக வகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1950-இல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் அதன் தொடக்கம். ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல். இன்றைய 642 மாடல் 400 கிராம் சொச்சம்தான். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியான ஹேமர் வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது, அதனால் சட்டைப்பையில் சிக்காது. ரூகரின் எல்.சி.ஆர். இதே வகை. பிஸ்டல் பக்கம் 2018-இல் சிக் சாவர் பி365 வந்தபோது கணக்கே மாறியது. அரைக் கிலோ எடையில், உள்ளங்கை அளவில், மேகசினில் 10 தோட்டா. அதற்கு முன் அந்த அளவில் ஆறோ ஏழோதான். அப்புறம் க்ளாக் 43எக்ஸ் போன்றவை வரிசையாக வந்தன. இன்னும் சிறியது வேண்டுமென்றால் ரூகர் எல்.சி.பி. போன்ற .380 பிஸ்டல்கள், 300 கிராமுக்கும் குறைவு.

ரிவால்வருக்கு ஒரு சிறப்பு உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. கரடியோ நாயோ ஆளோ மேலே விழுந்துவிட்ட நிலையில், குழலை உடம்போடு அழுத்திச் சுட வேண்டி வரலாம். பிஸ்டலை அப்படி அழுத்தினால் ஸ்லைட் சற்றே பின்னுக்கு நகர்ந்து, சுடாமல் போய்விடும். ஒரு தடவை சுட்டாலும் ரோமமும் துணியும் சிக்கி அடுத்த தோட்டா ஏறாமல் நிற்கலாம். ரிவால்வர் அழுத்திப் பிடித்த நிலையிலும் சுடும். தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும்.

இதன் மறுபக்கம், அதன் விசை கனமானது. ஜே சட்டக ரிவால்வரின் விசையை இழுக்க ஐந்தரைக் கிலோ அளவு பலம் கொடுக்க வேண்டும். க்ளாக்குக்கு அதில் பாதிகூட வேண்டாம். குறுகிய குழலும் கனமான விசையும் சேர்ந்தால், பத்து மீட்டரில் ஒரு தட்டைத் தொடர்ந்து அடிப்பதே புதியவருக்குக் கடினம். "ரிவால்வர் எளிமையானது, புதியவர்களுக்கு ஏற்றது" என்று சொல்லி விற்பார்கள். இயக்குவது எளிமை, குறி வைத்து அடிப்பது எளிமையல்ல. என் கணிப்பில், சிறிய ரிவால்வர் அனுபவசாலிகளின் ஆயுதம். முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்குக் கொஞ்சம் பெரிய 9 மி.மீ. பிஸ்டலே நல்லது.

எத்தனை தோட்டா போதும் என்ற கேள்விக்கு, நியூயார்க் போலீஸ் பற்றி ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதில் தருகிறது. எதிராளி திருப்பிச் சுடும் சண்டைகளில் போலீசார் சுட்டவற்றில் இலக்கில் பட்டவை சராசரியாக 18 சதவீதம்தான். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை. ஐந்து தோட்டாவில் ஒன்று பட்டால் பெரிய விஷயம் என்று ஆகிறது.

பின்னுதையும் எடையும்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கையில் எடுத்ததும் இலேசாக இருப்பதே நல்லது என்று தோன்றும். சுமப்பதற்கு அது உண்மை. ஆனால் சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும், அந்த எடைதான் உதையை வாங்கிக்கொள்ளும் மெத்தை. எடையைக் குறைத்தால் மொத்த உதையும் மணிக்கட்டுக்கு வரும். சுமார் 335 கிராமே உள்ள .357 மேக்னம் ரிவால்வர்கள் விற்பனையில் இருக்கின்றன. முழு வலுத் தோட்டாவை அதில் ஐந்து முறை சுட்டவர்களில் பலர் ஆறாவது முறை விரும்பிச் சுடமாட்டார்கள். அதே தோட்டாவை ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ரூகர் ஜி.பி.100-இல் சுட்டால் நாள் முழுக்கச் சுடலாம். ஆனால் அதைச் சட்டைப்பையில் போட முடியாது.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பயிற்சி செய்வதில்லை. அடுத்து, சுடுவதற்கு ஒரு கணம் முன்பே கை தானாகச் சுருங்கப் பழகிவிடும், குண்டு கீழே போகும். இரண்டாவது குண்டைச் சரியாக வைக்க ஆகும் நேரமும் கூடும். கட்டுக்குள் வைத்து வேகமாக மூன்று முறை அடிக்க முடிகிற 9 மி.மீ., ஒரு முறை சுட்டு வானத்தைப் பார்க்கும் .44-ஐ விட மேல்.

.357 ரிவால்வர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். ஊரிலும் பயிற்சியிலும் மென்மையான .38, காட்டில் கனமான .357. .38-க்கென்று செய்த துப்பாக்கியில் .357 போட முடியாது. அந்தத் தோட்டா சற்று நீளமானது, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கறுப்புக் கரடி நாட்டில் வாழ்ந்து, ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு, முக்கால் கிலோ அளவுள்ள ரூகர் எஸ்.பி.101 போன்ற .357 இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு பொருந்தும். பிஸ்டல் பிடிக்கும் என்றால் க்ளாக் 19 அளவில் ஒரு 9 மி.மீ. பழுப்புக் கரடி நாட்டுக்கு இரண்டுமே குறைவுதான். அங்கே 10 மி.மீ. க்ளாக் 20 போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அது சிறியதல்ல.

பெரும்பாலான சுடுதளங்களில் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நான்கைந்தைச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கைப்பிடியில் சுண்டுவிரல் பிடிக்க இடம் இருக்கிறதா, விசையை விரல் எட்டுகிறதா, ஸ்லைடை உங்கள் கை பலத்தால் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்பதெல்லாம் பட்டியலைப் படித்துத் தெரியாது.

ஸ்ப்ரேயை மறக்க வேண்டாம்

கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நொடிக்குச் சுமார் 15 மீட்டர். 30 மீட்டரில் புதருக்குள்ளிருந்து கிளம்பினால் உங்களுக்கு இரண்டு நொடி. அதற்குள் உறையிலிருந்து எடுத்து, குலுங்கிக்கொண்டு வரும் தலைக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு இலக்கை அடிக்க வேண்டும். கரடி ஸ்ப்ரே என்பது மிளகாயின் காரச் சத்தை அழுத்தி அடைத்த டப்பா. அதை அழுத்தினால் முன்னால் ஒரு மேகம் பரவும். குறி வைக்க வேண்டிய அவசியம் குறைவு.

ஸ்டீபன் ஹெரேரோ, டாம் ஸ்மித் முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே பயன்படுத்திய சம்பவங்களில் 92 சதவீதம் கரடியின் தொந்தரவு நின்றது. அருகில் நேர்ந்த சந்திப்புகளில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. 2012-இல் அதே குழு துப்பாக்கி பற்றி 269 சம்பவங்களை ஆராய்ந்தது. கைத்துப்பாக்கி 84 சதவீதம், ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம் பலன் தந்திருந்தது. இரண்டு ஆய்வுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஸ்ப்ரே சம்பவங்களில் வெறும் ஆர்வத்தால் நெருங்கிய கரடிகளும் உண்டு. துப்பாக்கிச் சம்பவங்களோ பெரும்பாலும் மோதல் முற்றியதால் பதிவானவை. அப்படியிருந்தும், புதிதாக ஒருவர் கரடிக்காகவே துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றால், முதலில் ஸ்ப்ரே வாங்கி எடுத்துப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். எதிர்க்காற்றில் அது நம் மேலேயே படும், கூடாரத்துக்குள் பயன்படாது, கடுங்குளிரில் அழுத்தம் குறையும். துப்பாக்கி உதவக்கூடிய இடங்கள் அவை.

யோசெமிட்டி பூங்காவில் கரடி ஸ்ப்ரேக்குத் தடை. போகும் முன் அந்தந்தப் பூங்காவின் விதியைப் பார்த்துவிடுவது நல்லது.

சுமப்பதும் பூட்டுவதும்

துப்பாக்கியின் விலையில் ஒரு பகுதியை உறைக்கு ஒதுக்குங்கள். விசைப் பகுதியை முழுவதும் மூடும், கெட்டியான உறை வேண்டும். வெறும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ சாவிக்கொத்தோடு போட்டால், ஏதாவது ஒன்று விசையில் மாட்டி வெடிக்கும். முதுகுப்பை மாட்டினால் அதன் இடுப்புப் பட்டை துப்பாக்கியை மறைத்துவிடும். அதனால்தான் அலாஸ்காவில் நெஞ்சுக்குக் குறுக்கே உறை மாட்டுகிறார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். குழந்தைகள் அலமாரியின் மேல்தட்டு வரை ஏறுவார்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருக்கிறார் என்றால், அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கி அந்த வீட்டில் இல்லாமல் இருப்பதே மேல். கரடியை வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள் ஏராளம். இந்த ஆபத்து ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு உள்ளேயும் வரக்கூடியது.

யார் வாங்கலாம்

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். சொந்த மாநிலத்துக்கு வெளியே கடையில் நேரடியாகக் கைத்துப்பாக்கி வாங்கிக்கொண்டு வர முடியாது.

அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ போயிருக்கும் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, நண்பருடையதைக் கையில் வைத்திருப்பதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. க்ரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மீறினால் குற்ற வழக்கு, அதோடு விசாவும் போகும். விதிவிலக்கை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்பது வீண் செலவல்ல.

மறைத்துச் சுமக்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலாஸ்காவில் 2003 முதல் தனி உரிமம் தேவையில்லை. நியூ ஜெர்சியில் உரிமம் இல்லாமல் சுமந்தால் சிறை. மனிதனைச் சுடுவது, உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பத் தக்க நிலையில் மட்டுமே தற்காப்பாகும். தப்பிக்க வழியிருந்தால் பின்வாங்க வேண்டும் என்று சில மாநிலங்கள் சொல்கின்றன, நின்ற இடத்திலேயே எதிர்க்கலாம் என்று ஃபுளோரிடா போன்றவை சொல்கின்றன. விலங்கைச் சுட்டாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றால் தோலையும் மண்டையோட்டையும் மாநிலத்திடம் ஒப்படைத்து, 15 நாட்களுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். நீங்கள் வெளியே போட்டுவைத்த உணவால்தான் கரடி வந்தது என்றால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது.

அலாஸ்காவுக்குக் காரில் போக நினைப்பவர்கள் கனடா வழியாகத்தான் போக வேண்டும். காட்டு விலங்குக்காக என்று சொல்லிக் கைத்துப்பாக்கியை அந்த எல்லைக்குள் கொண்டுபோக முடியாது. நீளத் துப்பாக்கி என்றால் எல்லையில் அறிவித்து, கட்டணம் கட்டிக் கொண்டுபோகலாம். விமானத்தில் போவதானால் தோட்டா நீக்கி, கெட்டியான பூட்டிய பெட்டியில் வைத்து, கவுன்டரில் அறிவித்து, சரக்குப் பெட்டியாக அனுப்ப வேண்டும். கரடி ஸ்ப்ரேயை எந்தப் பெட்டியிலும் ஏற்றமாட்டார்கள். அதை அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது தங்கிய விடுதியிலேயே கொடுத்துவிட்டால் அடுத்து வருகிறவருக்குப் பயன்படும்.